சுவாசப்பை நீரும் நோயறியும் கலையும்

மனித உடலின் உறுப்புக்களுள், வைத்தியனுடைய கண்ணுக்கும் கைக்கும் நெடுங்காலம் எட்டாதிருந்தது சுவாசப்பை. நாவை நீட்டச் சொல்லிப் பார்க்கலாம், நாடியைத் தொட்டறியலாம், வயிற்றை அழுத்தி ஈரலின் வீக்கத்தை உணரலாம். சுவாசப்பையோ விலா எலும்புகளாலான கூட்டினுள்ளே, ஒரு கணமும் ஓயாது விரிந்தும் சுருங்கியும் மறைந்தே இருக்கின்றது. 1895ஆம் ஆண்டில் எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்படும் வரையில், அதனுள்ளே நேர்ந்தது யாது என அறிய வைத்தியனுக்குக் கிடைத்த சாட்சிகள் இரண்டே. ஒன்று, நெஞ்சில் எழும் ஒலி. மற்றது, நெஞ்சிலிருந்து வெளிவரும் நீர்.

ஒலியின் கதை புகழ் பெற்றது. வைத்தியர் என்றதும் கழுத்திலே தொங்கும் ஸ்தெதஸ்கோப்பு நினைவுக்கு வருவது அதனாலேயே. நீரின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சளியையும் சீழையும் பற்றிச் சபையிலே பேச யாருக்குத்தான் விருப்பம்? எனினும், நெஞ்சு நோய்களின் பெயரையும் காரணத்தையும் ஐயமறச் சொன்னது பெரும்பாலும் இந்த அருவருக்கப்பட்ட சாட்சியே. ஒலி ஐயத்தை எழுப்பிற்று. நீர் விடை கூறிற்று. அந்த நீரைத் தேடி வைத்தியம் வாயிலிருந்து மூச்சுக்குழலுக்கும், மூச்சுக்குழலிலிருந்து காற்றுச் சிற்றறைகளுக்கும் படிப்படியாக இறங்கிய வரலாறு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

பழைய கிரேக்கர் இவ்விரு சாட்சிகளையும் அறிந்திருந்தனர். கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம், நான்காம் நூற்றாண்டுகளைச் சார்ந்த, இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களிலே, நோயாளியின் தோள்களைப் பிடித்துக் குலுக்கி, நெஞ்சினுள்ளே நீர் தளம்பும் ஓசையைச் செவிமடுக்கும் முறை கூறப்பட்டுள்ளது. சயரோகியின் சளியைத் தணலிலே இட்டு அதன் நாற்றத்தை அறிவதும், அதனைக் கடல்நீரிலே இட்டு அது தாழ்கின்றதா எனப் பார்ப்பதும் உண்டு. தாழ்ந்தால் நோயாளி பிழைப்பது அரிது என்பது அவர்களின் கணிப்பு. இன்றைய அறிவுகொண்டு நோக்கின் இம்முறைகள் பயனற்றவையே. ஆயினும், உடலிலிருந்து வெளிவந்ததைச் சோதித்து உள்ளே உள்ளதை அறியலாம் என்ற எண்ணம் அங்கேயே முளைத்துவிட்டது. முளைத்தது மரமாக மட்டும் இரண்டாயிரத்திருநூறு ஆண்டுகள் சென்றன.

இடைக்காலத்திலே ஒலியே முந்திக்கொண்டது. வியன்னா நகரின் வைத்தியர் லியோப்போல்ட் அவென்புருக்கர், விரல் நுனியால் நெஞ்சிலே தட்டி, எழும் ஓசையின் வேறுபாட்டால் உள்ளே காற்றுள்ளதா நீருள்ளதா எனக் கூறும் முறையை 1761ஆம் ஆண்டிலே ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அவருடைய தந்தையார் சத்திரம் நடத்தியவர். மதுப் பீப்பாய்களைத் தட்டி எவ்வளவு மிஞ்சியிருக்கின்றது என்று தந்தையார் அறிவதைச் சிறு பிராயத்திற் கண்டதே இதற்கு வித்து என்பர். அந்நூலைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. 1808ஆம் ஆண்டு, நெப்போலியனின் வைத்தியரான கோர்விசார் அதனைப் பிரெஞ்சு மொழியிற் பெயர்த்த பின்னரே அதற்கு வாழ்வு வந்தது.

பாரிஸ் நகரின் நெக்கர் வைத்தியசாலையிலே 1816ஆம் ஆண்டில், ஒரு பெண்ணின் நெஞ்சிலே நேரே செவி வைத்துக் கேட்கக் கூசிய லயனெக் என்னும் வைத்தியர், தாளைக் குழலாகச் சுருட்டி அதன் வழியே கேட்டார். அவர் 1819இலே வெளியிட்ட நூல், நெஞ்சின் ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு பெயரும் பொருளும் வகுத்தது. உயிரோடிருக்கையிற் கேட்ட ஒலியையும் இறந்தபின் அறுத்துப் பார்த்ததையும் ஒப்பிட்டு, பலவாறு தோன்றும் சயரோக நிலைகள் அனைத்தும் ஒரே நோயின் வடிவங்களே என்று அவர் நிறுவினார். அத்தகைய பேரறிஞர் தமது 45ஆம் வயதில், 1826ஆம் ஆண்டு, அதே சயரோகத்தால் இறந்தார். நோயின் ஒலியைக் கேட்ட அவருக்கு, அந்நோய் எதனால் வருகின்றது என்பதை அறியும் வழி இருக்கவில்லை. குழல் அதைச் சொல்லக்கூடிய கருவியன்று.

இவ்வாறு ஒலியால் நோய் இருக்குமிடம் தெரிந்ததும் மற்றொரு துன்பம் எழுந்தது. சுவாசப்பையைப் போர்த்திருக்கும் இரு மென்சவ்வுகளுக்கிடையே நீர் கட்டிக்கொண்டால், சுவாசப்பை விரிய இடமின்றி நோயாளி மூச்சுத் திணறுவான். நீர் உண்டு என்பதை வைத்தியர் தட்டியும் கேட்டும் அறிந்துவிடுவார். அடுத்துச் செய்வது யாது? அக்காலத்து வழி, விலாவுக்கிடையே கத்தியால் வெட்டித் திறப்பது. திறந்த வாய்வழியே காற்றும் அழுக்கும் புகும். நோயினும் சிகிச்சை கொடிதாகும். பிரான்சின் தலைசிறந்த இரணவைத்தியரான டுப்யுத்ரென் 1835ஆம் ஆண்டு இந்நோயினாலேயே படுத்தபோது, இரணவைத்தியர் கையால் இறப்பதிலும் இறைவன் கையால் இறப்பதே மேல் என்னும் கருத்துப்படக் கூறி அறுவைக்கு உடன்பட மறுத்தார் என ஒரு செய்தி வழங்குகின்றது. பிறருக்கு அக்கத்தியை நாளும் எடுத்தவர் அவர்; அதன் தன்மையை அவரினும் நன்கறிந்தவர் எவர்?

இந்தக் கத்தியை விலக்கிய பெருமை அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த இருவருக்கு உரியது. மொரில் வைமன் என்பவர், மெல்லிய குழலூசியை விலாவுக்கிடையே செலுத்தி, உறிஞ்சுங் கருவியால் நீரை வெளியெடுக்கும் வழியை 1850ஆம் ஆண்டு கையாண்டார். காற்று உட்புக இடமில்லை. காயமோ ஊசித் துளையளவே. பொஸ்டன் நகரின் ஹென்றி பௌடிச் அம்முறையை உடனே மேற்கொண்டு, பல்லாண்டுகள் பல நோயாளரிடத்தே செய்து, அதன் பயனை எழுதியும் பேசியும் நிலைநாட்டினார். இதிலே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. மூச்சுத் திணறலைத் தணிக்கவே நீர் எடுக்கப்பட்டது. எடுத்த நீர் கண்ணாடிப் பாத்திரத்தில் நின்றபோதுதான், ஒருவனுடைய நீர் வைக்கோல் நிறமாயும், மற்றொருவனுடையது குருதி கலந்ததாயும், இன்னொருவனுடையது சீழாயும் இருப்பது வைத்தியனின் சிந்தனையைத் தூண்டிற்று. சிகிச்சைக்காக எடுத்தது சோதனைக்குரிய பொருளாயிற்று.

அந்த வேறுபாட்டை எண்ணால் அளக்கும் எளிய விதி பின்னும் ஒரு நூற்றாண்டு கழித்தே வந்தது. 1972ஆம் ஆண்டு அமெரிக்க வைத்தியர் றிச்சட் லைட்டும் அவருடைய துணைவர்களும், நெஞ்சுநீரிலுள்ள புரதத்தை அதே நோயாளியின் குருதியிலுள்ள புரதத்தோடு ஒப்பிட்டனர். நீரின் புரதம் குருதிப் புரதத்தின் பாதிக்கு மேற்பட்டிருந்தாலும், எல்.டி.எச். எனச் சுருக்கமாக வழங்கும் நொதியம் குருதியிலுள்ளதன் பத்தில் ஆறு பங்குக்கு மேற்பட்டிருந்தாலும், கோளாறு அந்தச் சவ்விலேயே உள்ளது; சயரோகம், நியூமோனியா, புற்று முதலியவற்றைத் தேடவேண்டும். அவ்வாறன்றேல், பெரும்பாலும் தளர்ந்த இதயமோ ஈரலோ நீரைக் கசியவிட்டிருக்கின்றது. நெஞ்சைக் குற்றஞ் சாட்டிப் பயனில்லை. இவ்விதி இன்றும் உலகெங்கும் நோயாளியின் கட்டிலருகே பயன்படுகின்றது.

இனிச் சளியின் கதைக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே சயரோகம் ஐரோப்பாவின் பெருங்கொல்லியாயிருந்தது. வடபுல நாடுகளின் வைத்தியர் பலர் அதனைப் பரம்பரை வலுக்குறைவு என்றே நம்பினர். குடும்பத்தில் ஒருவர் பின் ஒருவராக மாண்டால், குலத்தின் குறை என்று சொல்லிவிடுவது எளிது. 1865ஆம் ஆண்டு, ழான் அன்ருவான் வில்லமன் என்னும் பிரெஞ்சுப் படை வைத்தியர், சயரோகத்தால் இறந்தோரின் உடலிலிருந்து எடுத்த பொருளை முயல்களின் உடலிலே செலுத்தி, அவற்றுக்கும் அந்நோய் வரச் செய்தார். பின்னர் சளியைக் கொண்டும் அதனையே செய்து காட்டினார். தொற்றுநோய்தான் இது என்றார். பெரியோர் பலர் அவரை நம்பவில்லை. தொற்றும் பொருள் எது என்று கேட்டால், கண்ணுக்குக் காட்ட அவரிடம் ஒன்றுமில்லை.

அதனைக் காட்டியவர் றொபேட் கொக். 1882ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24ஆம் திகதி மாலை, பேர்லின் நகரின் உடற்றொழிலியற் சங்கக் கூட்டத்திலே, நாட்டுப்புற வைத்தியராக வாழ்வைத் தொடங்கிய அம்மனிதர், நுணுக்குக்காட்டிகளையும் இருநூறுக்கு மேற்பட்ட மாதிரித் தகடுகளையும் கொண்டுவந்து பரப்பிவைத்தார். அவர் சிறந்த பேச்சாளர் அல்லர். தயங்கித் தயங்கியே பேசினார். மனிதருள் ஏழிலொருவரைக் கொல்லும் நோயின் காரணம் இதோ என்று, நீலச்சாயம் ஏறிய மெல்லிய கோற்கிருமிகளைக் காட்டினார். பேச்சு முடிந்ததும் கைதட்டலில்லை, எதிர்வாதமும் எழவில்லை. சபையோர் எழுந்து சென்று நுணுக்குக்காட்டிகளைக் குனிந்து நோக்கினர்.

கொக்கின் சாயமிடும் முறைக்கு ஒரு நாள் முழுவதும் வேண்டியிருந்தது. அன்று சபையிலே இருந்த இளைஞர் போல் ஏர்லிக், அந்த ஆண்டிலேயே அதனைத் திருத்திச் சுருக்கினார். சாயமேறிய தகட்டை அமிலத்தாற் கழுவினால் மற்றெல்லாம் நிறமிழக்கும். சயரோகக் கிருமி மட்டும் தன் நிறத்தைக் கைவிடாது. அதன் மெழுகு போன்ற மேலுறையே காரணம். சீல், நீல்சன் என்னும் மற்றிரு ஜேர்மானியர் இதனை மேலும் செப்பஞ்செய்தனர். அவர்கள் பெயரால் வழங்கும் அம்முறை, இன்றும் எளிய வைத்தியசாலைகளிலே கைக்கொள்ளப்படுகின்றது. நீலப் பின்னணியிலே சிவந்த கோல்கள் தென்பட்டால் வழக்கு முடிந்தது. சில ஆண்டுகளின் பின் ஏர்லிக் தாமே இருமலுற்றார். தம் சளியைத் தாம் வகுத்த முறையாற் சோதித்து, அதிலே அக்கிருமியைக் கண்டார். எகிப்து நாட்டின் வெப்பத்தை நாடிச் சென்று தங்கி, நலம் பெற்று மீண்டார். தம் கண்டுபிடிப்பின் தீர்ப்பைத் தாமே கேட்க நேர்ந்தவர் மருத்துவ வரலாற்றிற் சிலரே.

அன்றுதொட்டுச் சளி வெறும் கழிவாக இருக்கவில்லை. ஜேர்மனியின் பால்கென்ஸ்ரைன் சயரோக விடுதியின் தலைவர் டெட்வைலர், நோயாளர் சட்டைப்பையிலே வைத்துக்கொள்ளும் நீலக் கண்ணாடிக் குப்பி ஒன்றை 1889ஆம் ஆண்டிலே வழக்குக்குக் கொண்டுவந்தார். கண்ட இடத்திலே துப்பாது அதிலே துப்பவேண்டும். நியூயோர்க் நகரின் சுகாதாரப் பகுதி 1890ஆம் ஆண்டுகளிலே சளியைக் கட்டணமின்றிச் சோதித்துக் கொடுக்கலாயிற்று. நோயாளி வரத் தேவையில்லை, புட்டி வந்தாற் போதும் என்பது அக்காலத்திற் புதுமை.

சளிச் சோதனையின் வலிமைக்குத் தமிழ் நாட்டிலேயே ஒரு பெருஞ் சான்று உண்டு. 1956ஆம் ஆண்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியன கூடிச் சென்னையிலே ஒரு சயரோக மருந்தாய்வு நிலையத்தைத் தொடங்கின. அதற்குத் தலைமை வகித்தவர் வொலஸ் பொக்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர். அங்கே ஆராயப்பட்ட கேள்வி எளியது. ஆனால் இலட்சக்கணக்கான ஏழைகளின் வாழ்வைத் தொட்டது. சயரோகி ஆஸ்பத்திரிக் கட்டிலிலே ஓராண்டு கிடந்தாலன்றிக் குணமடைய மாட்டானா? நெருக்கமான குடிசையிலே, போதிய உணவின்றி, மருந்தை மட்டும் உண்டு குணமடைய முடியுமா? 193 நோயாளர் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையால் இரு கூறாக்கப்பட்டனர். ஒரு கூறார் விடுதியில். மற்றவர் தம் வீட்டில். மருந்தோ இருவர்க்கும் ஒன்றே. தீர்ப்புக் கூறும் நடுவராகச் சளியும் அமர்ந்தது. மாதந்தோறும் எடுத்த சளியிலே கிருமி வளர்கின்றதா இல்லையா என்பதே முதன்மையான அளவுகோல். 1959ஆம் ஆண்டு முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தோரும் விடுதியிலிருந்தோரும் ஏறத்தாழ ஒப்பவே குணமடைந்தனர்; வீட்டிலிருந்தோரின் குடும்பத்தவர்க்கு அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவுமில்லை. கட்டில் இல்லை என்ற காரணத்தாற் சிகிச்சையே இல்லை என்ற நிலை, உலகின் வறிய நாடுகளில் அதன் பின்னர் மாறத் தொடங்கிற்று.

இத்தனை வல்லமை வாய்ந்த சளிச் சோதனைக்கும் குறைகள் இருந்தன. ஒரு மில்லிலீற்றர் சளியிலே சுமார் 5,000 முதல் 10,000 வரையான கிருமிகள் இருந்தாலன்றி நுணுக்குக்காட்டியிலே அவை கண்ணிற்படுவது அரிது. நோயின் தொடக்கத்தில் இருப்பவன் இதனால் தப்பிவிடுவான். அன்றியும், சளி வராதவர் பலர் உள்ளனர். சிறு பிள்ளைகள் இருமிச் சளியைத் துப்ப அறியார், விழுங்கிவிடுவர். ஆதலின், பிள்ளை கண்விழித்த உடனே, உணவருந்துமுன், மெல்லிய குழாயால் இரைப்பையின் நீரை எடுத்து அதிலே கிருமியைத் தேடும் வழி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பிரான்சிலே தோன்றிற்று. சுவாசப்பையின் சாட்சியை வயிற்றிலே தேடிய இந்த உபாயம் இன்றும் கைவிடப்படவில்லை. கிருமியின் மரபணுப் பொருளையே சளியிற் கண்டறிந்து, இரண்டு மணி நேரத்துக்குள் விடை கூறும் கருவியை உலக சுகாதார ஸ்தாபனம் 2010ஆம் ஆண்டிலே ஏற்றுக்கொண்டது. றிபாம்பிசின் என்னும் முதன்மையான மருந்துக்கு அக்கிருமி அடங்குமா என்பதையும் அது உடன் சொல்லிவிடும்.

வெளியே வருவதற்குக் காத்திராமல், உள்ளே சென்று எடுத்தல் ஆகாதா? அதற்கான வாயிலைத் திறந்தது ஒரு பன்றி எலும்பு. 1897ஆம் ஆண்டு ஜேர்மனியின் பிரைபுர்க் நகரிலே, 63 வயதான ஒரு விவசாயியின் வலப்புற மூச்சுக்கிளைக் குழலிலே, உண்ணும்போது நழுவிய எலும்புத்துண்டு சிக்கிக்கொண்டது. குஸ்தாவ் கிலியன் என்னும் வைத்தியர், தொண்டையைக் கொக்கேயின் மருந்தால் விறைக்கச் செய்து, நேரான உலோகக் குழாயை வாய்வழியே மூச்சுக்குழலினுள் இறக்கி, ஒளியைப் பாய்ச்சி, அவ்வெலும்பைக் கண்ணாற் கண்டே எடுத்தார். உயிருள்ள மனிதனின் சுவாசக் கிளைகளுக்குள்ளே குழாய்வழி சிகிச்சை செய்த முதல் நிகழ்ச்சி அதுவாகும். அதே நகரிலே சுமார் 30 ஆண்டுகளுக்கு முன் குஸ்மவுல் என்னும் பேராசிரியர், வாள் விழுங்கும் வித்தைக்காரன் ஒருவனைக் கொண்டு உணவுக்குழலினுள் நோக்கியதும் உண்டு. தலையைப் பின்னே சாய்த்தால் நேர்க்குழாய் இறங்கும் என்பதைச் சந்தையிலே வித்தை காட்டுவோர் வைத்தியர்களுக்கு முன்பே அறிந்திருந்தனர்.

பிலடெல்பியாவின் செவாலியர் ஜாக்சன் குழாயின் நுனியிலேயே சிறு மின்விளக்கைப் பொருத்தி இக்கலையைச் செம்மைப்படுத்தினார். பிள்ளைகள் விழுங்கியும் மூச்சோடு இழுத்தும் சிக்கவைத்த ஊக்குகள், ஆணிகள், நாணயங்கள், பொத்தான்கள் என இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களை அவர் எடுத்துச் சேர்த்துவைத்தார். அவை அந்நகரின் மருத்துவக் காட்சிச்சாலையிலே உள்ளன. எனினும் அந்த உலோகக் குழாய் வளையாதது. பெருங்கிளைகளுக்கு அப்பால் அது செல்லாது. நோயாளி படும் பாடும் சிறிதன்று.

வளையும் குழாயைத் தந்தவர் யப்பானியரான ஷிகெட்டோ இக்கேடா. இளமையிலே சயரோகத்தால் துன்புற்றவர்; பின்னர் டோக்கியோவின் தேசியப் புற்றுநோய் நிலையத்திலே பணிபுரிந்தார். மயிரினும் மெல்லிய கண்ணாடி இழைகள் ஆயிரக்கணக்கிற் சேர்ந்த கற்றை, வளைந்த வழியிலும் ஒளியையும் உருவத்தையும் கடத்தவல்லது. இரைப்பையை நோக்க அமெரிக்காவிலே 1957ஆம் ஆண்டு முதல் பயன்பட்ட இவ்வுத்தியை, இக்கேடா சுவாசக்குழலுக்கேற்ற மெல்லிய கருவியாக்க முனைந்தார். 1966ஆம் ஆண்டு கொப்பன்ஹேகன் நகரிலே நடந்த உலக மார்புநோய் மகாநாட்டிலே அதனை அவர் காட்டினார். பென்சிலிலும் மெலிந்த அக்கருவி மூக்கின் வழியே சென்று, கிளையின் கிளையிலும் திரும்பி நோக்கும். அதனூடே ஒரு சிறு வழியும் உண்டு. நீரைச் செலுத்தலாம், உறிஞ்சலாம்.

அந்தச் சிறு வழியே புதிய சோதனைக்கு வழிவிட்டது. விலங்குகளின் சுவாசப்பையை உப்புநீரால் அலசிக் கலங்களை எடுக்கும் முறையை 1961ஆம் ஆண்டில் மிர்விக் என்பவரும் துணைவரும் முயல்களிலே செய்து வெளியிட்டிருந்தனர். அதே பத்தாண்டிலே ஹோசே ரமிறெஸ் என்னும் வைத்தியர், சிற்றறைகள் எங்கும் பால்போன்ற புரதப் பொருள் நிறைந்து மூச்சை அடைக்கும் அரிய நோய் ஒன்றுக்கு, உப்புநீர் விட்டுச் சுவாசப்பையைக் கழுவுவதையே சிகிச்சையாக்கினார். நீரிலே மூழ்கி இறக்கும் உறுப்பை நீராலேயே காப்பதென்பது அன்று பலருக்கு ஏற்க முடியாததாயிருந்தது. 1974ஆம் ஆண்டு, அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையங்களைச் சார்ந்த றெனோல்ட்ஸ், நியூபோல் என்னும் இருவர், வளையும் கருவியின் வழியே உடல்நலமுள்ள மனிதரின் சுவாசப்பையைக் கழுவி, அந்நீரிலுள்ள கலங்களையும் புரதங்களையும் கணக்கிட்டனர். நோயுற்றோரின் நீரை மதிப்பிட வேண்டுமானால், நோயற்றோரின் நீர் எத்தகையது என்பது முதலிலே தெரியவேண்டுமல்லவா? பலர் மறந்துவிடும் அந்த முதற்படியை அவர்கள் மறக்கவில்லை.

இது செய்யப்படும் விதம் எளியது. பட்டினி இருந்து வந்த நோயாளியின் மூக்கும் தொண்டையும் விறைப்பு மருந்தாற் பதப்படுத்தப்படும். கருவியின் நுனி, பெரும்பாலும் வலப்புற நடுச்சோணையின் ஒரு சிறு கிளையிலே, புட்டி வாயிலே தக்கை பொருந்துவது போற் பொருத்தப்படும். கிருமி நீக்கிய உப்புநீர் நூறு முதல் முந்நூறு மில்லிலீற்றர் வரை, சில பங்குகளாகச் செலுத்தப்பட்டு, உடனுக்குடன் மெல்ல உறிஞ்சப்படும். நோயாளிக்கு இருமல் எழும். சிலருக்கு அன்றிரவு காய்ச்சலும் வரும். செலுத்தியதில் ஒரு பங்கே மீளும். பத்திலே மூன்று பங்காயினும் மீண்டால் நன்று. மீண்ட நீரின் மேலே மெல்லிய நுரை படரும். சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாது காக்கும் சவர்க்காரம் போன்ற பொருளின் அடையாளம் அது. கோடிக்கணக்கான சிற்றறைகளுள் சுமார் பத்து இலட்சத்தை அந்நீர் தொட்டு வந்திருக்கும் என்பது மதிப்பு.

அது கொண்டுவரும் செய்திகள் பல. புகை பிடியாத நலமுள்ளவரின் நீரிலே நூற்றுக்கு 85க்கு மேற்பட்ட கலங்கள், புகுந்த தூசியையும் கிருமியையும் விழுங்கும் தின்குழியங்களே. நிணநீர்க்குழியங்கள் பத்து முதல் பதினைந்து. நடுநிலைநாடிகள் மூன்றுக்கு மேற்படா. இயோசின்நாடி ஒன்றுக்கு மேற்படாது. இக்கணக்குப் பிறழும்போது வைத்தியர் விழிப்படைவார். இயோசின்நாடிகள் நூற்றுக்கு 25ஐ எட்டினால், உயிர்கொல்லிக் கிருமிமருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுப்பதை விட்டு வேறு சிகிச்சையை நாடவேண்டிய ஒருவகை நியூமோனியா என்பது புலனாகும். பூஞ்சணம் பிடித்த வைக்கோலையோ பறவை எச்சத் தூசியையோ ஆண்டுக்கணக்காகச் சுவாசித்தவனின் நீரிலே நிணநீர்க்குழியங்கள் பாதிக்கு மேற் பெருகியிருக்கலாம். அடுத்தடுத்து எடுக்கும் பங்குகள் வரவரச் சிவந்தால், சிற்றறைகளுள்ளே குருதி கசிகின்றது. நீர் பாலாக வந்தால் ரமிறெஸ் கண்ட அந்த அரிய நோய். கல்நார் ஆலையிலே உழைத்தவனின் நீரிலே, இரும்புப் பூச்சேறிய கல்நார் இழைகள் தென்படும். வேலையை விட்டு எத்தனை ஆண்டானாலும் அவை அங்கேயே கிடக்கும். முதலாளி மறுத்தாலும் சுவாசப்பை மறுப்பதில்லை.

இவ்வெண்களை அளவுக்கு மீறி நம்பியோரும் உளர். கழுவுநீர் ஒன்றினாலேயே எல்லா நோயையும் பெயரிட்டுவிடலாம் என்ற உற்சாகம் 1980ஆம் ஆண்டுகளிலே ஓங்கியிருந்தது. பின்னர் அது தணிந்தது. நோயாளியின் வரலாறும் எக்ஸ் கதிர்ப் படமும் உடன் நோக்கப்படாமல், கலக் கணக்கு மட்டும் நோயை முடிவு செய்யப் போதாது என அமெரிக்க மார்புநோய்ச் சங்கம் 2012ஆம் ஆண்டின் வழிகாட்டியிலே வெளிப்படையாகக் கூறிற்று.

கிருமியைத் தேடும் பணியிலோ அதன் புகழ் குன்றவில்லை. 1981ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம் திகதி, அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையத்தின் வாராந்த அறிக்கை, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே முன்னர் நலமாயிருந்த ஐந்து இளைஞருக்கு, நியூமோசிஸ்டிஸ் என்னும் அரிய நுண்ணுயிரால் நியூமோனியா கண்டதை அறிவித்தது. அறிக்கை வெளிவருமுன்பே அவர்களுள் இருவர் இறந்துவிட்டனர். எயிட்ஸ் என்று பின்னர் பெயர் பெற்ற நோயின் முதற் செய்தி அதுவே. அந்நுண்ணுயிர் சளியிலே எளிதில் வராது. அதனை உறுதிப்படுத்த நெஞ்சைத் திறந்து சுவாசப்பையிலே ஒரு துண்டை வெட்டி எடுப்பதே அதுவரையில் வழக்கம். மூச்சுக்கே போராடும், உடல் எலும்பாய் மெலிந்த இளைஞனின் விலாவைத் திறப்பது எத்தகைய கொடுமை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 1850ஆம் ஆண்டின் கத்தி, வேறு உருவிலே திரும்பி நின்றது. மறுபடியும் நீரே அக்கத்தியை விலக்கிற்று. கழுவுநீரை வெள்ளிச் சாயமிட்டு நோக்கியபோது, அந்நுண்ணுயிர் கரிய சிறு கிண்ணங்கள் போலத் தெளிவாகத் தெரிந்தது. நோய் இருந்தோருள் பத்திலே ஏறக்குறைய ஒன்பதின்மருக்கு இச்சோதனை ஒன்றே அதனைக் காட்டிற்று. அறுவை தேவைப்படவில்லை, அன்றே தக்க மருந்தைத் தொடங்க முடிந்தது.

அதன் பின் 40 ஆண்டுகள் நிறைவதற்குள் உலகம் மற்றொரு நியூமோனியாவைக் கண்டது. 2019ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியிலே, சீன நாட்டின் வூஹான் நகர வைத்தியசாலைகளிலே, அறிந்த கிருமி எதிலும் அடங்காத நோயோடு பலர் கிடந்தனர். அவர்களுட் சிலரின் சுவாசப்பை கழுவுநீர் எடுக்கப்பட்டது. ஒரு நோயாளியின் கழுவுநீர் ஷங்காய் நகருக்கு ஜனவரி 3ஆம் திகதி சென்று சேர்ந்தது. அங்கே ஷாங் யொங்ஷென் என்னும் ஆய்வாளரின் குழுவினர், அந்நீரிலிருந்த மரபணுப் பொருள் அனைத்தையும் படித்து, இரண்டே நாளிலே ஒரு புதிய கொரோனா வைரசின் முழு வரிசையைக் கண்டனர். எழுத்துக்கள் 29,903. ஜனவரி 11ஆம் திகதி, அவுஸ்திரேலியாவிலிருந்த எட்வேட் ஹோம்ஸ் என்னும் அறிஞரின் துணையோடு அவ்வரிசை உலகத்தார் அனைவர்க்கும் திறந்துவைக்கப்பட்டது.

அவ்வரிசையை எதிர்பார்த்து, முந்திய சார்ஸ் வைரசின் இனத்தைக் கொண்டு ஒரு சோதனையை முன்கூட்டியே வகுத்துவைத்திருந்த குழு ஒன்று, வெளியான எழுத்துக்களோடு ஒப்பிட்டு அதனை உறுதி செய்துகொண்டது. ஜனவரி 13ஆம் திகதி உலக சுகாதார ஸ்தாபனத்தின் வாயிலாக அச்சோதனை முறை வெளியிடப்பட்டது. அதன் பின்னர், ஒருவனுக்கு அந்நோய் உண்டா என அறியச் சுவாசப்பைவரை இறங்க வேண்டியிருக்கவில்லை. மூக்கினுள்ளே செலுத்திய பஞ்சுக் குச்சி ஒன்றே போதுமானதாயிற்று. அதனை வகுத்த கிறிஸ்தியன் துரோஸ்தனின் ஆய்வுகூடம் பேர்லின் நகரின் ஷாரிற்றே வைத்தியசாலையிலே உள்ளது. 138 ஆண்டுகளுக்கு முன் கொக் தம் தகடுகளைப் பரப்பிவைத்ததும் அதே நகரிலேதான்.